விட்டுப்போன ஒற்று

"ஒரு வீட்டுக்குள்ள என்னை ஒரே ஒரு நிமிஷம் விடுங்க. அது போதும். எந்த நாற்காலி ஆடுது, எந்தக் குழாய் சொட்டுது, யார் யாரோட பேசறதில்லை, எல்லாத்தையும் எழுதிக் கையில குடுத்துடறேன். என் கண்ணுக்குத் தப்பின விவரம்னு இந்த உலகத்துல ஒண்ணும் கிடையாது."

வாரப் பத்திரிகை ஒன்றின் வாசகர் சந்திப்பில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இப்படி அறிவித்தவர், மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவர். அரங்கில் அறுபது நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் பத்திரிகை ஊழியர்கள். இரண்டு பேர் பக்கத்து அரங்கில் நடந்த சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வந்து கதவு மாறி நுழைந்தவர்கள். இந்தக் கணக்கை நாம் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவர் தன் நோட்டில் எழுதி வைத்தது.

அலுவலகத்தில் அவருக்கு 'ரீடிங்' என்று பெயர். அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தொரு வருட சர்வீஸ். நாளொன்றுக்கு எண்பது வீடு. சட்டைப்பையில் இரண்டு சரக்கு எப்போதும் இருக்கும். ஒன்று, அலுவலகம் கொடுத்த கருவி. அதில் மீட்டர் எண்ணைத் தட்டுவார். இன்னொன்று சொந்த நோட்டு. அதில் வீட்டைத் தட்டுவார். 'பதினாலாம் நம்பர் வீட்டில் காலண்டர் மூன்று மாதமாகக் கிழிக்கப்படவில்லை.' 'மாடி வீட்டில் செருப்பு ஒன்றுதான் இருக்கிறது, இடது கால்.' ஒரு மனிதர் பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தால், நுரை எந்தப் பக்கம் வழிந்தது என்பது வரை பதிவாகிவிடும். மின்சாரம் திருடுகிற வீடுகளைக் கண்டுபிடித்திருந்தால் பதவி உயர்வாவது வந்திருக்கும். அவர் கண்டுபிடித்ததெல்லாம் திருட்டுச் சிரிப்பும் திருட்டு அழுகையும்தான். அதற்கு இலாகாவில் படிவம் கிடையாது.

இத்தனை விவரமும் கதையாக வேண்டும் அல்லவா? ஆயின. ஒன்பது வருடத்தில் பதினோரு கதைகள் வெளியாகின. பத்திரிகை ஆசிரியரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'கத்திரி' என்பார்கள். அவருக்கும் ரீடிங்குக்கும் இடையே தொலைபேசியில் நடந்த இலக்கிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"சார், உங்க ஆள் செருப்பு மாட்டறதுக்கே ஒன்றரைப் பக்கம் ஆகுது. நம்ம கிட்ட கதைக்கு ரெண்டு பக்கம்தான். மீதி அரைப் பக்கத்துல அவன் கல்யாணம் பண்ணி, கஷ்டப்பட்டு, செத்தும் போகணும்."

"செருப்புல வார் அறுந்திருக்கு சார். அதுதான் அவன் மனசு."

"மனசு அறுந்திருக்குன்னு ஒரே வரியில சொல்லிட்டு ஆளை பஸ்ல ஏத்துங்களேன்."

கதை அச்சாகி வந்ததும், வெட்டுப்பட்ட பகுதிகளை ரீடிங் தன் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். விபத்தில் போனவர்களின் பெயர்களை வாசிக்கிற குரலில். மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்பவள். புருஷனின் கதைகளை வீட்டில் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்பவளும் அவளே. எனவே முதல் வாசகி, வேறு வழியில்லாத வாசகி.

"ஏங்க, இந்த ஜன்னலுக்கு எத்தனை கம்பி? முதல் பக்கத்துல மூணு, ஆறாம் பக்கத்துல நாலு."

"நாலு. ஒண்ணு துருப்பிடிச்சிருக்கு."

"இது யாருக்கு வேணும்?"

"வாசகனுக்கு."

"இப்போதைக்கு வாசகன் நான் ஒருத்திதான். எனக்கு வேணாம்."

ரீடிங்குக்கு ஒரு தங்கை. அவரை விட ஐந்து வயது இளையவள். நான்கு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே சமையலறை அமைந்த ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். கணவன் பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதோடு கட்டில்தான் உலகம். அந்தக் காலத்தில் அச்சகம் ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் புரூஃப் பார்த்தவர். படுத்துக்கொண்டும் காதில் பென்சில் செருகியிருப்பார். மருந்துச் சீட்டில்கூடப் பிழை திருத்துவார். மருமகளின் அண்ணன் எழுதுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டி, முதல் பக்கத்திலிருந்து அச்சிட்டவர் முகவரி வரைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியில் மணி அடிக்கும். பேட்டரி போட்டால் வேலை செய்கிற சாதாரண மணி. பெரியவர் பொல்லாதவர் இல்லை. தண்ணீருக்கு அழுத்துவார். ஜன்னலைத் திறக்க அழுத்துவார். வெயில் அடிக்கிறதென்று மூட அழுத்துவார். தலையணை சரிந்தால், கண்ணாடி நழுவினால், மணி என்ன என்று தெரியவேண்டுமானால். ஒவ்வொரு தடவையும், "சிரமம் குடுக்கறேன்மா" என்பார். ஒரு நாளைக்கு நாற்பது சிரமம்.

ஒரு நாள் அந்தத் தெருவில் மீட்டர் பார்த்து முடித்த ரீடிங், மதியம் இரண்டரை மணிக்குத் தங்கை வீட்டுக்குள் எட்டிப்பார்த்தார். தங்கை சமையலறைத் தரையில், கையையே தலைக்கு வைத்து, செத்த மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரில் மணிப் பெட்டியின் முதுகு திறந்திருந்தது. உள்ளே ஒரு பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

தங்கை விழித்துக்கொண்டாள். அண்ணன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். மறைக்கத் தெம்பில்லை.

"ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்தான் அண்ணா. சாப்பாடு குடுத்து, துணி மாத்தி, மருந்து குடுத்துட்டுதான். அந்த ஒரு மணி நேரம் தூங்கலேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"அவருக்குத் தெரியாதா?"

"அழுத்திப் பாக்கறார். அடிக்கல. சாப்பிட்டதும் விரல்ல பலம் போயிடுது, பொத்தான் உள்ள போகலைன்னு அவரா நினைச்சுக்கிட்டார். டாக்டர்கிட்டகூடச் சொன்னார். டாக்டர் அதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தார்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்த மாத்திரையையும் நான்தான் தினம் குடுக்கறேன்."

"பேட்டரி எங்கே?"

தங்கை எழுந்து டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். டீத்தூளுக்கு நடுவே பேட்டரி பாதி புதைந்து கிடந்தது. "மூணு மணிக்கு எழுந்ததும் அவருக்கு டீ போடணும். டப்பாவைத் திறந்தா கண்ணுல படும். மறக்காம மாட்டிடுவேன். வேற எங்க வச்சாலும் மறந்துடுவேனோன்னு பயம்." உள்ளங்கையில் வைத்துத் தூளைத் தேய்த்துத் துடைத்தாள். "அண்ணா, இது யாருக்கும் தெரியக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சா நான் அந்த ரூமுக்குள்ள எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார் ரீடிங். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதைப் பதிவு செய்வது நம் கடமை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதினார். சொல்வது வேறு, எழுதுவது வேறு என்பது அவர் கட்சி.

கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கையைக் காப்பாற்றுவதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாமனாரை மாமியார் ஆக்கினார். வாடகை வீட்டை எட்டு அறை பங்களா ஆக்கினார். ஒல்லியான தங்கையைக் கட்டுமஸ்தான பெண்ணாக்கி, மோவாயில் மச்சம் வைத்து, முன்பல்லில் இடைவெளி விட்டார். கூண்டில் ஒரு கிளியை வளர்த்தார். தோட்டக்காரனை நியமித்து, அவனுக்கு ஒற்றைத் தலைவலி கொடுத்தார். இப்படிப் பதினேழு பக்கம், கையெழுத்தில். ஒரே ஒரு உண்மையைப் பதினாறே முக்கால் பக்கப் பொய்யால் போர்த்தி வைத்தார். விவரம் என்பது காட்டுவதற்கு மட்டுமல்ல, மறைப்பதற்கும்தான் என்று அப்போது ஒரு புதுத் தத்துவம்கூடக் கண்டுபிடித்தார்.

மாற்ற முடியாமல் நின்றது டீத்தூள் டப்பா ஒன்றுதான். முயன்றார். பேட்டரியை மேசை டிராயரில் வைத்துப் பார்த்தார், செத்துக் கிடந்தது. தலையணைக்கு அடியில் வைத்தார்; நாடகம் மாதிரி இருந்தது. சர்க்கரை டப்பாவில் வைத்தார், எறும்பு வந்தது. மூன்று மணிக்கு எழுந்ததும் கண்ணில் பட வேண்டும் என்ற அந்தப் பயம் டீத்தூளில் மட்டும்தான் இருந்தது. இருபத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் இப்படி ஒரு விவரம் அவர் கையில் சிக்கியதில்லை.

தட்டச்சு செய்துகொண்டிருந்த மனைவியின் விரல் பதினைந்தாம் பக்கத்தில் நின்றது.

"இது அவதானே?"

"யாரு?"

"கிளியைக் கேக்கல. பேட்டரியைக் கேக்கறேன்."

"கற்பனை."

"உங்களுக்குக் கற்பனை வந்து நான் பாத்ததே இல்லையே." நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "டப்பாவை எடுத்துடுங்க. பேட்டரியை எங்கயோ ஒளிச்சு வச்சான்னு போட்டுட்டுப் போங்க. கதை ஒண்ணும் செத்துடாது."

"செத்துடும்."

"அப்ப சாகட்டும். அவ உயிரோட இருக்கணும்ல."

"பதினேழு பக்கத்துல அது எங்க தெரியப்போகுது? நீயே பதினஞ்சாம் பக்கத்துல வந்துதான் கண்டுபிடிச்சே."

கதை போய்ச் சேர்ந்த நாலாம் நாள் கத்திரி கூப்பிட்டார். குரலில் இதுவரை இல்லாத மரியாதை.

"சார், இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு கதை எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு நான் ரெண்டு நாள் சரியா தூங்கல. இந்த வாரம் அட்டையில உங்க பேர் வருது."

ரீடிங்குக்கு உச்சி குளிர்ந்தது.

"கொஞ்சம் குறைச்சிருக்கேன். பங்களா எதுக்கு? எடுத்தாச்சு. கிளி, தோட்டக்காரன், மச்சம், பல்லு, எல்லாம் போயாச்சு. அது எல்லாமே பொய்யா நாறுது சார், கோவிச்சுக்காதீங்க. அந்த டப்பாதான் கதை. அதுல ஒரு எழுத்துகூட நான் தொடல. ஆங், இன்னொண்ணு. மாமியார் மருமகள்னா கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு. மாமனார்னு மாத்திட்டேன். அப்படியே அச்சாப் பொருந்திடுச்சு."

ரீடிங் கையில் ரிசீவரோடு நின்றார். ஒன்பது வருடமாக எந்த வெட்டுக்கும் சண்டை போட்டவர். ஒரு காற்புள்ளிக்காக இருபது நிமிடம் வாதாடிய மனிதர்.

"என்ன சார், சத்தத்தையே காணோம்? மாமனார் வேண்டாம்னா சொல்லுங்க, பழையபடி போட்டுடலாம். ஆனா அப்ப இந்த இதழ்ல வராது. அட்டை இன்னும் ஒரு மணி நேரத்துல அச்சுக்குப் போகுது."

இந்த இடத்தில் ஒரு மனிதர் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று ஒரு பட்டியலே போடலாம். ரீடிங் சொன்னது ஒரே வார்த்தை.

"போடுங்க."

போட்டார்கள். இரண்டு பக்கம். அட்டையில் பெயர், சற்றே பெரிய எழுத்தில். அலுவலகத்தில் மேலதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். பதினான்கு வாசகர் கடிதங்கள் வந்தன. 'அந்த டீத்தூள் டப்பாவை என்னால் மறக்க முடியவில்லை' என்று ஒன்பது பேர். ஜெராக்ஸ் கடை முதலாளி அந்த இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினார். ரீடிங்கின் மனைவி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

எட்டாம் நாள் தங்கை போன் செய்தாள். காலை பத்து மணி. எடுத்தது மனைவி. கேட்டுவிட்டு ரிசீவரை ரீடிங்கிடம் நீட்டினாள்.

"அண்ணா, உன் கதை படிச்சுட்டார்."

"என்ன சொன்னார்?"

"நல்லா எழுதியிருக்கார் உங்க அண்ணன்னார். ஒரு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு, அடுத்த தடவை பாத்து எழுதச் சொல்லுன்னார். புஸ்தகத்தை என் கையிலேயே குடுத்தார். பென்சில்ல வட்டம் போட்டிருந்தார்." நிறுத்தினாள். "'பேட்டரியை கழற்றினாள்'னு இருக்காம். 'பேட்டரியைக் கழற்றினாள்'னு வரணுமாம். நடுவுல ஒரு க் வரணுமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்ன சொல்லணும்? ரெண்டு பக்கத்துல அந்த ஒரு வரியிலதான் வட்டம்."

ரீடிங் ஏதோ ஆரம்பித்தார். ஆசிரியர் மாற்றிவிட்டார் என்றார். கிளி இருந்தது என்றார். பங்களா என்றார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அண்ணா," என்றாள் தங்கை. "அன்னிக்கிலேர்ந்து அவர் மணி அடிக்கறதே இல்ல. தண்ணி வேணும்னாலும் அடிக்கல. ஈரத்துலயே படுத்திருக்கார், அப்பவும் அடிக்கல. ஏன் மாமா கூப்பிடலேன்னா, 'நீ தூங்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்மா'ங்கறார். கோவமா இல்ல. நிஜமாவே மெதுவாச் சொல்றார். நான் இப்ப பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன். மத்தியானம் வாசப்படியிலேயே உக்காந்திருக்கேன். எனக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் நீ அச்சடிச்சு வித்துட்டே."

வைத்துவிட்டாள்.

இதற்கப்புறம் ரீடிங் முதலில் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அலமாரியைத் திறந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து, பதினைந்தாம் பக்கத்தில் அந்த வரியைத் தேடினார். ஒற்றை விட்டது மனைவியா, கத்திரியா என்று தெரிய வேண்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இல்லை. அவர்தான்.

அதே வாரம் கத்திரியும் கூப்பிட்டார். "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க சார். சூடு ஆறதுக்குள்ள வரணும். உங்க உறவுல வேற யாராவது படுக்கையில இருக்காங்களா?"

ரீடிங் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. நோட்டில் சில நாள் எழுதிப் பார்த்தார். இருபத்தேழாம் நம்பர் வீட்டில் ஒரு பெண் அழுத கண்ணோடு கதவைத் திறந்தாள். எண்ணை மட்டும் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனைக்கு வந்ததும் எந்தக் கண் அதிகம் சிவந்திருந்தது என்று மனசு கேட்டது. நல்ல விவரம்தான். நோட்டை வெளியே எடுக்காமல் அடுத்த தெருவுக்குத் திரும்பினார்.

ஏழு மாதம் போனது. ரீடிங் போன் செய்தால் தங்கை எடுப்பாள். "நல்லா இருக்கோம்." "பெரியவர்?" "இருக்கார்." "மாப்பிள்ளை?" "வேலைக்குப் போயிருக்கார்." "நீ?" "நல்லா இருக்கேன் அண்ணா, வச்சுடறேன்." கத்திரியே தோற்றுப்போகிற சிக்கனம். எட்டாம் மாதம் மனைவி சொன்னாள்.

"நேர்ல போயிட்டு வாங்க. அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வாங்க. ஆனா வாயைத் திறந்து கிளின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனார். தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே விடாமல், போகவும் சொல்லாமல், நிலைப்படியில் கையை வைத்து நின்றாள்.

"வரியா?"

"வரேன்."

"வா. உக்காரு. எவ்வளவு நேரம் வேணாலும் இரு. நீ எனக்கு அண்ணன், வராதேன்னு சொல்ல எனக்கு மனசு வரல." கையை எடுத்தாள். "ஆனா எதையும் பாக்காதே."

ரீடிங் உள்ளே போய், கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தன் முழங்கால் இரண்டையும் பார்த்துக்கொண்டார். எதிரே துணி மடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளறையிலிருந்து ஒரு குரல், "யாரும்மா வந்திருக்கறது?" என்றது.

"எங்க அண்ணன் மாமா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "இப்ப என்ன எழுதறார்?"

"ஒண்ணும் எழுதறதில்ல மாமா."

"ஏனாம்?"

துணி மடிக்கிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. ரீடிங் கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்தே இருந்தார். அவள் எழுந்து உள்ளே போனது தெரிந்தது. திரும்பி வந்தது தெரிந்தது. மறுபடியும் போனது தெரிந்தது. ஒரு தடவை திரும்பி வரும்போது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, ஏதோ சொல்லப் போகிறவள் போல நின்றாள். அப்போதும் அவர் நிமிரவில்லை. அவள் நகர்ந்து போய்விட்டாள். நாற்பது நிமிஷம். எழுந்து, "வரேம்மா" என்றார். "சரி" என்றாள். கதவு பின்னால் மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது.

வீட்டில் மனைவி காத்துக்கொண்டிருந்தாள்.

"பேசினாளா?"

"பேசினா."

"எப்படி இருக்கா? இளைச்சுட்டாளா?"

ரீடிங் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"தெரியல."

"தெரியலன்னா? முகம் எப்படி இருந்தது? கோவமா, அழுதிருந்தாளா?"

"கவனிக்கல," என்று சொல்லிவிட்டு, கை கால் கழுவப் போனார்.